சிறுவர் ஓவியப் போட்டியும் உணவுப் பொருள் சேகரிப்பும்: கேள்வி பதில்

செட்டிநாட்டுப் பகுதியிலுள்ள கிறிஸ்தவச் சபைகள் சில, சிறுவர்களுக்கென ஆலயத்தில் கொண்டாடும் பாலர் ஞாயிற்றையொட்டிச் சிறுவர்களுக்கு ஓவியப் போட்டியும், அதே வாரத்தில் தேவையுள்ள வீடுகளுக்காக உணவுப் பொருள் சேகரிப்பும் நடத்த எண்ணியிருக்கின்றன. பள்ளியில் ஓவிய ஆசிரியராகவும் சபையில் ஞாயிறுதோறும் சிறுவர்களுக்கு நடக்கும் ஓய்வுநாள் பள்ளியின் ஆசிரியராகவும் பணியாற்றுகிறவன் என்ற முறையில், எனக்கு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பலர் ஒன்றையே கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

கோட்டையூர், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை: போட்டிக்கு "பசித்தோருக்கு உணவளிப்போம்" என்று தலைப்பு வைக்கலாமா, ஐயா?

அந்தத் தலைப்பு சுவரொட்டிக்குப் பொருந்தும். பிள்ளையின் கைக்குப் பொருந்தாது. சிறுவர்கள் கொள்கையை வரைவதில்லை, நிகழ்ச்சியைத்தான் வரைகிறார்கள். இத்தகைய தலைப்பைக் கொடுத்தால் பத்தில் எட்டுப் பிள்ளைகள் ஒரு கை மற்றொரு கைக்குத் தட்டு நீட்டுவதாக ஒரே படத்தை வரைந்து வைப்பார்கள். அதற்குப் பதிலாக ஒரு கதையைச் சொல்லி, அதில் தங்கள் மனதில் நின்ற இடத்தை வரையச் சொல்லுங்கள்.

ஐந்து அப்பமும் இரண்டு மீனும் கொண்டு வந்த பையனின் கதையே முதலில் நினைவுக்கு வரும். அவற்றைக் கொண்டே இயேசு பெருங்கூட்டத்துக்கு உணவளித்த இந்த அற்புதத்தை நான்கு சுவிசேஷங்களும் சொன்னாலும், பையன் ஒருவன் இருந்ததை யோவான் மட்டுமே எழுதுகிறார். அவை வாற்கோதுமை அப்பங்கள் என்பதையும் அவரே சொல்கிறார். அக்காலத்தில் வாற்கோதுமை ஏழைகளின் தானியம். கோதுமையைவிட விலை குறைந்தது. நம் வீட்டுக் கம்பு அடையைப் போன்ற தட்டையான அப்பம் அது என்று சொன்னால், பேக்கரி பன்னை வரைய ஆரம்பித்த பிள்ளைகூட நிமிர்ந்து பார்க்கும். கலிலேயாக் கடலோரம் தப்காவிலுள்ள ஆலயத்தில், ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த தரைச் சித்திரம் ஒன்று உண்டு. சிறு சிறு கற்களைப் பதித்துச் செய்த அந்தச் சித்திரத்தில் கூடையின் இரு பக்கமும் இரண்டு மீன்கள் இருக்கின்றன, ஆனால் கூடைக்குள் நான்கு அப்பங்கள்தான் இருக்கின்றன. அந்தப் படத்தைக் காட்டி, ஐந்தாவது அப்பம் எங்கே போயிருக்கும் என்று கேளுங்கள். வேறு எந்த முன்னுரையும் தேவைப்படாது.

பெரிய பிள்ளைகளுக்கு பிழைப்புக்காக ரூத் கதிர் பொறுக்கிய வயலையோ, பஞ்சத்திலும் மாவு தீராத சாறிபாத் ஊர் விதவையின் மாப்பானையையோ கொடுக்கலாம். வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்ற லேவியராகமக் கட்டளையை, தை மாதத்தில் கண்மாய்ப் பாசன வயல்களின் அறுப்பைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு விளக்குவது எளிது.

புதுவயல், சபைச் செயலர்: அதிகப் பொருள் கொண்டுவரும் பிள்ளைக்குத் தனிப் பரிசு வைத்தால் சேகரிப்பு கூடும் என்று வாலிபர் சங்கத்தார் சொல்கிறார்கள். போட்டிக்கு நுழைவுக் கட்டணமாக ஒரு கிலோ பருப்பு வாங்கலாம் என்றும் ஒரு யோசனை இருக்கிறது. தங்கள் கருத்து என்ன?

இரண்டையும் செய்ய வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

நம் ஓய்வுநாள் பள்ளிகளில், கொடுக்கிற வீட்டுப் பிள்ளையும் பெற்றுக்கொள்கிற வீட்டுப் பிள்ளையும் ஒரே பாயில்தான் உட்கார்ந்திருக்கின்றன. நுழைவுக் கட்டணம் ஒரு கிலோ பருப்பு என்று அறிவித்துவிட்டால், நாம் எந்த வீட்டுக்கு உணவுப் பொருள் பை கொண்டுபோகப் போகிறோமோ அந்த வீட்டுப் பிள்ளைதான் முதலில் போட்டியிலிருந்து நின்றுவிடும். எடைக்குப் பரிசு என்றால் அது பிள்ளைக்குக் கிடைக்கும் பரிசாக இருக்காது, தகப்பனாரின் சம்பளத்துக்குக் கிடைக்கும் பரிசாகத்தான் இருக்கும். ஒரு சபையில் வாசலில் மேசை போட்டுத் தராசு வைத்து, ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரேயும் எடையை எழுதினார்கள். வரிசையில் நின்ற ஒரு சிறுமி முன்னால் போன பைகளைப் பார்த்துவிட்டுத் தன் கையிலிருந்த அரைக் கிலோ உப்புப் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மெல்ல விலகிப் போய்ச் செருப்பு விடும் இடத்தில் நின்றுகொண்டாள். செல்வர்களின் காணிக்கையைவிடப் பெரிதென்று இயேசு சொன்ன, இரண்டு காசு போட்ட விதவையின் கதையை அதே பிள்ளைகளுக்கு நாம்தான் கற்பிக்கிறோம்.

இதற்கு நல்ல வழி நம் சபைகளிலேயே இருக்கிறது. உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப் பாத்திரத்தில் சேர்த்து வைத்து, அதை ஆலயத்துக்குக் கொண்டுவரும் கைப்பிடி அரிசிக் காணிக்கையை நம் தாய்மார்கள் அறிவார்கள். மிசோரமில் திருச்சபைப் பெண்கள் 1910-இல் இதே முறையைத் தொடங்கினார்கள்; ஊழியத்துக்கு முக்கியமான தாங்கலாக அது அங்கே வளர்ந்திருக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவில், ஒரே துணியில் தைத்த சிறு சுருக்குப் பையைக் கொடுத்து, நாளுக்கு ஒரு கைப்பிடி பயறோ பருப்போ போட்டு வரச் சொல்லுங்கள். பையில் பெயர் எழுத வேண்டாம், எடை போட வேண்டாம். ஆலயத்தில் ஒரு பெரிய அண்டாவை வைத்து எல்லோரும் அதில் கொட்டட்டும். பயறு வகைகள் ஒன்றாகக் கலந்தாலும் குறையில்லை. கலந்த பயற்றைச் சுண்டலாக்கிப் போட்டி நாளன்றே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, வீடுகளுக்கான பொருள்களைப் பெரியவர்களிடமிருந்து வாங்குங்கள்.

அதே செயலர்: அப்படியானால் பொருள் குறைந்துவிடாதா?

குறையாது. மொத்தமாக வேண்டிய பொருள்களுக்கு மளிகைக் கடைக்காரர்களையும் சபையின் குடும்பத் தலைவர்களையும் நேரில் போய்க் கேட்க வேண்டும். அந்தப் பாரத்தைப் பிள்ளைகளின் தலையில் வைப்பது நியாயமில்லை.

தேவகோட்டை, பெண்கள் ஐக்கிய சங்க உறுப்பினர்: எந்தெந்தப் பொருள்களைக் கேட்க வேண்டும்? எல்லோரும் அரிசியையே கொண்டுவருகிறார்கள்.

அரிசி வேண்டாம் என்றே அறிவித்துவிடுங்கள், அம்மா. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் ரேஷன் கடையில் கொடுக்கிறார்கள். ஆகவே நாம் கேட்க வேண்டியது ரேஷனில் கிடைக்காத பொருள்களை. இன்னொரு காரணமும் இருக்கிறது. ரேஷன் அரிசியை வாங்கி விற்பதும் கடத்துவதும் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தின்கீழ் தண்டனைக்குரிய குற்றம். நல்ல எண்ணத்தோடு சேர்த்ததாக இருந்தாலும், ஆலயத்தில் ரேஷன் அரிசி மூட்டை மூட்டையாகக் கிடப்பது தேவையற்ற சிக்கலைக் கொண்டுவரும்.

நம் ஊர்களில் பிள்ளைகள் வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட, தனியே வாழும் முதியவர்கள் பலர். அவர்களை மனதில் வைத்துப் பையைக் கட்டுங்கள். துவரம் பருப்பைவிடப் பாசிப்பருப்பு சீக்கிரம் வேகும், எரிவாயு மிச்சமாகும். வறுத்த ரவை, அவல், சேமியா, பொட்டுக்கடலை ஆகியவை நின்று சமைக்க முடியாதவர்களுக்குப் பெரிய உதவி. புளி, மிளகாய்த்தூள், உப்பு, கால் லிட்டர் நல்லெண்ணெய், ஒரு குளியல் சோப்பு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ள வீடா என்று கேட்காமல் வெல்லத்தை வைக்காதீர்கள். பை ஐந்து கிலோவுக்கு மேல் போகக் கூடாது. பெற்றுக்கொள்ளும் பாட்டி அதைத் திண்ணையிலிருந்து அடுப்படிவரை தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

காரைக்குடி, முதன்முறையாக நடுவராக அமர்பவர்: எந்த அளவுகோலை வைத்து மதிப்பெண் இடுவது?

முதலில் வயதைப் பிரியுங்கள். ஏழு வயதுக்கு உட்பட்டவர்கள், ஏழிலிருந்து ஒன்பது, பத்திலிருந்து பன்னிரண்டு, அதற்கு மேல் என நான்கு பிரிவுகள் வேண்டும். இதற்குக் காரணம் இருக்கிறது. குழந்தை ஓவியத்தின் வளர்ச்சிப் படிகளை ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்ட், ஏழு வயதையொட்டித்தான் பிள்ளை தாளின் அடியில் தரைக்கோடு போட்டு எல்லாவற்றையும் அதன்மேல் நிறுத்தத் தொடங்குகிறது என்றும், ஒன்பது வயதுக்குப் பிறகே காண்பதைக் கண்டபடி வரைய முயல்கிறது என்றும் காட்டினார். ஐந்து வயதுப் பிள்ளையின் படத்தில் மனிதர்கள் வானத்தில் மிதந்தால் அது பிழையாகாது.

அளவு மாறுவதும் அப்படித்தான். தனக்கு முக்கியமானதைப் பிள்ளை பெரிதாக வரையும். ஒரு படத்தில் அப்பம் ஏந்திய பையனின் உள்ளங்கை, பக்கத்தில் நிற்கும் சீடரின் தலையைவிடப் பெரிதாக இருந்தது; விரல்கள் ஐந்தும் தனித்தனியே, நகங்களோடு தீட்டப்பட்டிருந்தன; சீடருக்கோ முகத்தில் கண்கள்கூட இல்லை. விகிதம் தவறிவிட்டது என்று ஒரு நடுவர் மதிப்பெண்ணைக் குறைக்கப் போனார். கதையின் உயிர் எந்தக் கையில் இருக்கிறது என்பதை அந்தப் பிள்ளை அவரைவிட நன்றாக அறிந்திருந்தது. தொழில் நேர்த்திக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போதும். மீதியைக் கதையைத் தானே கண்டு வரைந்திருப்பதற்கும், தாள் முழுவதையும் துணிந்து பயன்படுத்தியிருப்பதற்கும் கொடுங்கள். நாட்காட்டிப் படத்தைப் பார்த்து வரைந்தது எவ்வளவு அழகாக இருந்தாலும் முதற்பரிசுக்கு உரியதன்று.

கானாடுகாத்தான், வீட்டின் உரிமையாளர்: ஆலய வளாகத்தில் நிழல் போதாது என்று கேள்விப்பட்டேன். நாங்கள் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். எனினும் எங்கள் வீட்டின் நடு முற்றமான வளவையும் முன்கூடமான பட்டாலையையும் அன்று தருவதில் மகிழ்ச்சி. ஆத்தங்குடித் தரையில் வண்ணம் கொட்டினால் என்ன செய்வது? எங்களிடமுள்ள பனையோலைக் கூடைகளான கொட்டான்களும் பயன்படுமா?

ஆச்சி, தங்கள் பெரிய மனதுக்கு நன்றி. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதன்று. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் இட்டு அழுத்தி, நீரில் ஊறவைத்துப் பதப்படுத்துவது. அதனால் அது கறையை உறிஞ்சும். தார்ப்பாய் விரித்து, அதன்மேல் பழைய செய்தித்தாள் பரப்பிய பிறகுதான் பிள்ளைகளை உட்காரச் சொல்வோம். அங்கே நீர் வண்ணத்துக்கு இடமில்லை, மெழுகு வண்ணக் குச்சிகள் மட்டுமே. அப்படியும் கறை பட்டால், மெழுகை மரத் தகட்டால் மெதுவாகச் சுரண்டிவிட்டுச் சோப்பு நீரால் துடைக்கலாம். ஆசிட் மட்டும் படவே கூடாது, சிமெண்டை அரித்துவிடும். மீண்டும் மினுமினுப்பு வரத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பதை நீங்களே எங்களுக்குச் சொல்லித் தருவீர்கள்.

கொட்டான்கள் கட்டாயம் பயன்படும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில் அது. பிள்ளைகள் அதைக் கையில் ஏந்திப் பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பொட்டலங்களை மட்டும் அதில் வைக்க மாட்டோம்.

பள்ளத்தூர், எட்டாம் வகுப்பு மாணவர்: எனக்கு ஓவியம் வராது, சார். நான் என்ன செய்யலாம்?

தம்பி, பைகளில் என்ன இருக்கிறது என்பதைப் பெரிய எழுத்தில், கண்பார்வை மங்கியவர்களும் படிக்கும்படி எழுதிக் கொடுக்க ஒருவர் வேண்டும். உன் கையெழுத்து தெளிவாக இருந்தால் வா. ஓவியம் வராது என்பதை உன் ஆசிரியர் சொன்னாரா, நீயாக முடிவு செய்தாயா என்றும் எனக்கு எழுது.

திருமயம், ஆசிரியர்: இந்துப் பிள்ளைகளும் ஓவியப் போட்டிக்கு வர விரும்புகிறார்கள். சேர்க்கலாமா?

பெற்றோரின் சம்மதத்தோடு, தாராளமாக. அவர்கள் விவிலியக் கதையைத்தான் வரைய வேண்டும் என்று கட்டாயப்படுத்தாமல், "எங்கள் வீட்டில் விருந்தாளி" என்பது போன்ற தலைப்பையும் சேர்த்துக் கொடுங்கள். பரிசையோ பொருளையோ காட்டி ஆலயத்துக்கு அழைப்பதாக ஒரு வீட்டாரும் நினைக்க இடம் தரக்கூடாது. பைகளுக்கும் இது பொருந்தும். அவற்றுக்குள் துண்டுப் பிரசுரம் வைக்காதீர்கள்.

தேவகோட்டை, கத்தோலிக்கப் பங்கின் மறைக்கல்வி ஆசிரியர்: யார் யாருக்குப் பை தேவை என்பதை எப்படி அறிவது?

புதிதாகப் பட்டியல் எடுக்க வேண்டாம். உங்கள் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபை இருந்தால் அவர்களைக் கேளுங்கள். 1833-இல் பாரிசில் மாணவர்கள் சிலர் தொடங்கிய காலம் முதலே, ஏழைகளின் வீடுகளுக்கு நேரில் போய்ப் பார்ப்பதுதான் அவர்களின் முதற்பணி. நாங்களும் எங்கள் சபையின் பட்டியலோடு வருகிறோம். இரண்டையும் ஒப்பிட்டால், ஒரே வீட்டுக்கு இரண்டு பைகள் போய் அடுத்த வீடு விட்டுப்போவது நிற்கும்.

சமைத்த உணவு கொடுக்கலாமா? (பலர்)

ஆலயத்தில் எல்லோரும் சேர்ந்து உண்ணும் அசன விருந்தாக அங்கேயே உட்கார வைத்துப் பரிமாறுவது நல்லது. பொட்டலமாகக் கட்டி வீடு வீடாகக் கொண்டுபோவதை நம் வெயிலில் தவிர்க்கவும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆறிக் கிடந்த சோற்றை யாருக்கும் கொடுக்கக் கூடாது. மண்டபங்களில் மிஞ்சியதைப் பெற்றுப் பகிர்வதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2019-ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. அவற்றைப் படிக்காமல் அதில் இறங்க வேண்டாம்.

பை கொடுக்கும்போது பிள்ளைகளோடு படம் எடுக்கலாமா? (காரைக்குடி, வாலிபர் சங்கம்)

கூடாது. அடுக்கி வைத்த பைகளைப் படமெடுங்கள், ஓவியங்களைப் படமெடுங்கள். வாங்குகிறவரின் முகம் எந்த வாட்ஸ்அப் குழுவுக்கும் போகக் கூடாது.

கோட்டையூர், மேலே கேட்ட ஆசிரியை: போட்டி முடிந்த பிறகு ஓவியங்களை என்ன செய்வது? சென்ற ஆண்டுத் தாள்கள் பீரோவின்மேல் கட்டாகக் கிடக்கின்றன.

பரிசு பெற்றவற்றை ஒரு மாதம் ஆலயச் சுவரில் மாட்டுங்கள். மற்றப் படங்களில், வரைந்த பிள்ளை சம்மதித்தால், பைக்கு ஒன்றாக வைத்து அனுப்புங்கள். தாளின் பின்புறம் பிள்ளையின் முதற்பெயர் மட்டும் இருக்கட்டும். மெழுகு வண்ணம் பொருள்களில் ஒட்டாமலிருக்க, படத்தை உட்பக்கமாக மடித்துத் தனி உறையிலிட்டு வையுங்கள். திரும்ப வேண்டும் என்று கேட்கிற பிள்ளைக்கு அதன் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சென்ற ஆண்டுக் கட்டையும் இந்த வாரமே பிரித்து உரியவர்களிடம் சேர்த்துவிடுங்கள்; வரைந்தவர்கள் அதற்காகக் காத்திருக்கிறார்கள்.