ரேடியேட்டரை எண்ணிப் பாய்லர் வாங்குங்கள்

கேள்வி: நியூ ஜெர்சியில் 1920களில் கட்டப்பட்ட ஒரு வீட்டை இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கினோம். அடித்தளத்தில் எரிவாயு நீராவி பாய்லர். மேலே அறைகளைச் சூடாக்கும் எட்டு ரேடியேட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே குழாய். இந்தக் குளிர்காலத்தில் பாய்லருக்குத் தினமும் தண்ணீர் விட வேண்டியிருந்தது. உள்ளே துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது என்கிறார்கள். மூவரிடம் விலை கேட்டோம். ஒருவர் பழைய பாய்லரின் தகட்டில் மணிக்கு 2,25,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) என்று இருப்பதைப் படித்துவிட்டு, அதே அளவில் புதியது வைக்கலாம் என்றார். இன்னொருவர் வீட்டின் பரப்பளவைக் கேட்டுக் கணக்குப் போட்டார். மூன்றாமவர் 95 சதவீதத் திறனுள்ள பாய்லரைப் பொருத்தினால் கேஸ் பில் பாதியாகும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? ரேடியேட்டர்களின் படங்களை அளவுகளுடன் இணைத்துள்ளேன்.
– ஒரு வாசகி, புளூம்ஃபீல்ட்

பதில்: மூவரில் ஒருவராவது மாடியேறி ரேடியேட்டர்களைப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. ஆகவே மூவரின் அளவையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

இட்லிப் பானையின் மூடியைத் திறந்தால் உட்புறம் முழுக்க நீர் துளிர்த்திருக்கும். ரேடியேட்டருக்குள் நடப்பதும் அதுவே. நீராவி குளிர்ந்த இரும்பில் பட்டு நீராகும்போது, தன்னுள் இருந்த வெப்பத்தை அந்த இரும்புக்குக் கொடுக்கிறது. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நீராவி இப்படி நீராகும் என்பதை இரும்பின் பரப்பே தீர்மானிக்கிறது. வீட்டின் பரப்பளவுக்கோ, நீங்கள் மாற்றிய புது ஜன்னல்களுக்கோ அதில் பங்கில்லை. வெந்நீர் பாய்லர் வாங்குவதாக இருந்தால், வீடு எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்று கணக்குப் போடுவது சரி. நீராவியில், வீடு வெப்பத்தைக் குறைவாக இழந்தால் பாய்லர் ஓடும் நேரம்தான் குறையுமே தவிர, அதன் அளவைக் குறைக்க முடியாது. குறைத்தால் கடைசி அறையின் ரேடியேட்டர் பாதிவரை சுட்டு, மீதி சூடேறாமல் குளிர்ந்தே கிடக்கும்.

உங்கள் படங்களை வைத்து எண்ணிப் பார்த்தேன். எட்டுமே 38 அங்குல உயரம். ஒரே மாதிரியான இரும்புத் துண்டுகளை வரிசையாகக் கோத்ததுதான் ரேடியேட்டர்; அந்தத் துண்டுக்குப் பெயர் செக்‌ஷன். ரேடியேட்டரின் பக்கவாட்டில் நின்று பார்த்தால், ஒரு செக்‌ஷனில் எத்தனை தூண்கள் அடுத்தடுத்து நிற்கின்றன என்பது தெரியும். ஐந்து ரேடியேட்டர்கள் மூன்று தூண் வகை. அவற்றில் மொத்தம் 46 செக்‌ஷன்கள். அந்த உயரத்தில் இந்த வகையின் ஒரு செக்‌ஷனுக்கு 5 சதுர அடி என்பது பழைய அட்டவணைக் கணக்கு, ஆக 230. மற்ற மூன்றும் இரண்டு தூண் வகை; 24 செக்‌ஷன்கள், செக்‌ஷனுக்கு 4 சதுர அடி வீதம் 96. மொத்தம் 326 சதுர அடி. ஒரு சதுர அடி ரேடியேட்டர் மணிக்கு 240 பி.டி.யு. வெப்பம் தருவதாகக் கொள்வது மரபு என்பதால், உங்கள் ரேடியேட்டர்களின் தேவை சுமார் 78,000 பி.டி.யு. மட்டுமே.

குழாய்களைச் சூடாக்கவும், குளிர்ந்து கிடக்கும் அமைப்பைக் கிளப்பவும் இதன்மேல் மூன்றில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். இந்த இடத்தில்தான் அனுபவமுள்ள பிளம்பர்கள்கூடத் தவறுகிறார்கள். பாய்லர் விவரத் தாளில் நீராவிக்கென்று ‘நெட்’ அளவு சதுர அடியில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கிவைத்த பிறகு வரும் அளவு அது. எனவே உங்கள் 326ஐ நேராக அதனுடன் ஒப்பிடுங்கள். மறுபடி எதையும் கூட்டக் கூடாது. சரியாக அந்த அளவில் கிடைக்காமல் இருபுறமும் ஏறக்குறைய ஒரே தொலைவில் இரண்டு அளவுகள் இருந்தால், குழாய்களுக்கு நல்ல காப்புறை சுற்றியிருக்கும் பட்சத்தில் நான் சிறியதையே எடுப்பேன். புகைபோக்கி வழியே வீணாகும் வெப்பத்தையும் சேர்த்து எரிவாயு உள்ளீட்டில் சொன்னால், உங்கள் தேவை சுமார் 1,25,000 பி.டி.யு. வரும். இப்போது இருப்பது 550 சதுர அடிக்கு மேல் நீராவி கொடுக்கக்கூடியது. முன்பு குடியிருந்தவர்கள் ஓரிரு ரேடியேட்டர்களைக் கழற்றியிருக்கலாம். அல்லது அன்றைக்கும் யாரோ தகட்டைப் பார்த்தே வாங்கியிருக்கலாம்.

பெரிதாக இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பீர்கள். ரேடியேட்டர்கள் ஏற்க முடியாத நீராவி அழுத்தமாக ஏறும், ஒன்றரை பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு ஒன்றரை பவுண்டு) ஆனதும் அழுத்தக் கட்டுப்பாட்டுச் சுவிட்ச் தீயை அணைக்கும். சில நிமிடங்களில் அழுத்தம் இறங்கித் தீ மறுபடி பற்றும். இரவு முழுக்க இப்படி அணைந்து எரிவதைத்தான் நீங்கள் குளிர்காலம் முழுவதும் கேஸ் பில்லில் கட்டுகிறீர்கள். ரேடியேட்டரிலிருந்து காற்றை வெளியேற்றும் காற்றுப் போக்கிகள் சீறுவதும் தண்ணீர் துப்புவதும் பெரும்பாலும் இதனோடு வருபவை.

மூன்றாமவர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 95 சதவீதத் திறன் வர வேண்டுமானால், புகையிலுள்ள நீராவி குளிர்ந்து நீராக வேண்டும். அதற்குப் பாய்லருக்குத் திரும்பி வரும் நீர் ஏறத்தாழ 55 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருக்க வேண்டும். நீராவி பாய்லரிலோ நீர் கொதித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் வீட்டு எரிவாயு நீராவி பாய்லர்களின் திறன் 82, 83 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. 2021 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் சட்டப்படி குறைந்தபட்சமே 82 என்பதால், திறனைப் பார்த்துத் தேர்வு செய்ய அதிகம் இல்லை. அவர் வெந்நீர் முறைக்கு மாற்றுவதை மனத்தில் வைத்துச் சொல்கிறார் என்றால், ஒற்றைக் குழாய் வீட்டில் அது சுவர்களை உடைத்துப் புதுக் குழாய் போடும் வேலை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

எந்த நிறுவனத்தின் பாய்லர் என்பதைவிட, அதைச் சுற்றிக் குழாய் எப்படிப் போடுகிறார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாய்லரின் மேலுள்ள பிரதானக் குழாய் நீர் மட்டத்திலிருந்து குறைந்தது 24 அங்குல உயரத்தில், தயாரிப்பாளர் காட்டிய விட்டத்தில், மரையிட்ட இரும்புக் குழாயாக இருக்க வேண்டும். செம்பில் செய்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் சூட்டில் நீண்டு சுருங்கும்போது பற்றவைத்த மூட்டுகள் திணறும். ஹார்ட்ஃபோர்ட் லூப் என்னும் இணைப்பும் கட்டாயம் இருக்கட்டும். கீழே திரும்பும் குழாய் ஓட்டையானாலும் பாய்லர் முழுதும் வற்றிவிடாமல் அது காக்கும். இவற்றை எல்லாம் விலைப்புள்ளியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். நகராட்சி அனுமதியும் புகைபோக்கிச் சோதனையும் அதில் அடங்க வேண்டும்.

பழைய குழாய்களின்மேல் சுண்ணாம்பு போன்ற வெள்ளை உறை இருந்தால் தொடாதீர்கள். அது ஆஸ்பெஸ்டாசாக இருக்கலாம். அதற்கு உரிமம் பெற்றவரை அழைத்து முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

புதிய பாய்லரிலும் குழாய்களிலும் இயந்திர எண்ணெய் ஒட்டியிருக்கும். அது நீரின் மேல் படர்ந்தால் கொதிப்பு நுரைத்து, நீராவியோடு நீரும் மேலேறும். மேல்மட்ட நீரை மெல்ல வடித்து அதை நீக்குவதும் பொருத்துபவரின் வேலைதான். பொருத்திய சில வாரங்களுக்குப் பிறகும் பாய்லரின் நீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயில் நீர் துள்ளிக்கொண்டே இருந்தால், பாக்கிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் அவரை மறுபடி வரவழையுங்கள்.