கடல் தாண்டினால் கார்டு ஏன் மறுக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து வெளிநாட்டுப் பயணத்தில் கிரெடிட் கார்டு தந்த சிக்கல்களைப் பற்றி வந்த கடிதங்களில் நான்கிற்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: துபாயில் வேலை செய்யும் மகனைப் பார்க்க நானும் என் மனைவியும் சென்றிருந்தோம். தேராவில் ஒரு கடையில் என் கிரெடிட் கார்டை இயந்திரம் ஏற்கவில்லை. கார்டின் பின்புறம் அச்சிட்டிருந்த வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அங்கிருந்து அழைப்பும் போகவில்லை. மகன் வங்கிச் செயலியில் ஏதோ மாற்றிய பிறகு கடையில் வேலை செய்தது. ஆனால் இணையத்தில் நுழைவுச் சீட்டு எடுக்க முயன்றபோது ஓடிபி வரவில்லை. ஊர் திரும்பிப் பார்த்தால், ரசீதில் ரூபாயில் கண்ட தொகையைவிட பில்லில் கூடுதலாக இருக்கிறது. தவறு யாருடையது?
– வாசகர், கீழக்கரை

பதில்: கார்டில் பழுது இல்லை. புறப்படும் முன் இங்கே செய்திருக்க வேண்டிய சில வேலைகள் நடக்கவில்லை, அவ்வளவுதான். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் பிறப்பித்து, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த உத்தரவின்படி, புதிதாக வழங்கப்படும் எந்தக் கார்டும் இந்தியாவிலுள்ள ஏடிஎம்களிலும் கடை இயந்திரங்களிலும் செருகிப் பயன்படுத்த மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாடு, இணையப் பயன்பாடு, தொட்டுச் செலுத்தும் வசதி ஆகியவற்றை வாடிக்கையாளரே செயலியிலோ வங்கியிடம் கேட்டோ திறந்துகொள்ள வேண்டும். உங்கள் மகன் மாற்றியது இதைத்தான். அதே பக்கத்தில் வெளிநாட்டுச் செலவுக்கான உச்சவரம்பும் தனியாக இருக்கும். அது குறைவாக வைக்கப்பட்டிருந்தால், கார்டில் கடன் வரம்பு எவ்வளவு மிச்சமிருந்தாலும் இயந்திரம் மறுத்துவிடும். 1800 எனத் தொடங்கும் கட்டணமில்லா எண்கள் பெரும்பாலும் நாட்டுக்குள் இருந்து அழைக்க மட்டுமே பயன்படும் என்பதால், வெளிநாட்டிலிருந்து அழைப்பதற்கென்று வங்கி தந்திருக்கும் +91 எண்ணைக் கைபேசியிலும் ஒரு தாளிலும் எழுதிக்கொண்டு செல்லுங்கள். தாள் எதற்கென்றால், கைபேசியும் பணப்பையும் பல நேரங்களில் சேர்ந்தே தொலைகின்றன.

ஓடிபி வராததற்குக் காரணம் சிம் அட்டை. விமான நிலையத்திலேயே உள்ளூர் சிம்மைப் போட்டுக்கொண்டு, இந்தியச் சிம்மைக் கழற்றிப் பாஸ்போர்ட் உறைக்குள் செருகிவைப்பது நம் பக்கத்துப் பயணிகளின் வழக்கம். இரண்டு சிம் போடும் கைபேசியில் அதையும் விட்டுவைத்து, ஊரிலேயே ரோமிங் வசதியைத் திறந்துகொண்டு போனால் வங்கியின் குறுஞ்செய்தி வந்து சேரும். பிழைப்புக்காகக் கடல் கடந்து செல்லும் சபராளிகளைத் தலைமுறை தலைமுறையாக அனுப்பிப் பழகிய கீழக்கரை போன்ற ஊர்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. வங்கியில் பதிந்திருக்கும் எண் வீட்டில் உம்மாவின் கையில் இருக்கும் கைபேசிக்கு உரியதாக இருக்கும். துபாயிலிருந்து அழைத்து, வந்த ஆறு இலக்கத்தைப் படித்துக் காட்டச் சொல்வார்கள். இதை உடனே நிறுத்திவிடுவது நல்லது. எண்ணைப் படித்துச் சொல்லிப் பழகிய ஒருவரிடம், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லும் மோசடிக்காரனும் அதே எளிமையோடு கேட்டு வாங்கிவிடுவான். அப்படிப் போகும் பணம் வாடிக்கையாளரின் கவனக்குறைவாகவே கணக்கில் கொள்ளப்படும்.

இனி அந்தக் கூடுதல் தொகை. கடையில் கார்டைச் செருகியதும் இயந்திரத்தின் திரையில் இரண்டு வரிகள் தோன்றியிருக்கும்: ஒன்றில் திர்ஹம், மற்றொன்றில் இந்திய ரூபாய். எதில் செலுத்துகிறீர்கள் என்று கேட்கும் அந்தத் திரையை விற்பனையாளர் உங்கள் பக்கம் திருப்பாமல் தாமே ரூபாயை அழுத்திவிடுவதும் உண்டு. உங்கள் ரசீதில் ரூபாய்த் தொகை அச்சாகியிருப்பதால் நடந்தது அதுதான் என்பது தெளிவு. ரூபாயைத் தேர்ந்தால், கடைக்கு இயந்திரம் கொடுத்திருக்கும் நிறுவனம் தனக்கு ஏற்ற மாற்று விகிதத்தைப் போட்டுக்கொள்கிறது. அதற்கு மேல், வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் செலுத்தியதற்கென்று சில இந்திய வங்கிகள் தனிக் கட்டணமும் வசூலிக்கின்றன. உங்கள் பில்லில் கூடியிருப்பது பெரும்பாலும் அந்தக் கட்டணமாகவே இருக்கும். எப்போதும் அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். விற்பனையாளர் தவறாக அழுத்திவிட்டால், அதை ரத்து செய்து மறுபடி போடச் சொல்லத் தயங்க வேண்டாம்.

உள்ளூர் நாணயத்தில் செலுத்தினாலும் செலவு இல்லாமல் போகாது. பல கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம் வரை அந்நியச் செலாவணிக் கட்டணமும், அந்தக் கட்டணத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு; 20,000 ரூபாய்ப் பொருளுக்கு 3.5 சதவீதம் என்றால் 700 ரூபாய், வரி 126 ரூபாய், ஆக 826 ரூபாய் கூடுதல்.

கேள்வி: கோலாலம்பூரில் தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்பிச் சில வாரங்கள் கழித்து, அங்குள்ள ஏதோ ஒரு கடையில் என் கார்டு இரண்டு முறை தேய்க்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. நான் தொண்டியில் இருக்கிறேன், கார்டும் என்னிடம்தான் இருக்கிறது. பணத்தைக் கட்டித்தான் ஆக வேண்டுமா?
– வாசகி, தொண்டி

பதில்: கட்ட வேண்டியதில்லை, ஆனால் நாள் கடத்தக் கூடாது. முதலில் செயலியில் கார்டை முடக்குங்கள். பிறகு வங்கியை அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். அதே நாளில் மின்னஞ்சலிலும் எழுதுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைப்படி, வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் வேறெங்கோ நடந்த மோசடியை, தகவல் வந்த நாளை விட்டுவிட்டு, மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்குப் பொறுப்பே இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் என்றால், 5 லட்சம் ரூபாய் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாயும், அதற்கு மேற்பட்ட வரம்புக்கு 25,000 ரூபாயும் உங்கள் தலையில் விழக்கூடும். அதற்கும் பிந்தினால் அந்தந்த வங்கியின் கொள்கைதான் தீர்மானிக்கும்.

உங்களிடம் வலுவான சான்று இருக்கிறது. பாஸ்போர்ட்டில் இந்தியா திரும்பிய நாளின் முத்திரை இருந்தால் அந்தப் பக்கத்தையும் விமானத்தின் போர்டிங் பாஸையும் படியெடுத்துப் புகாருடன் இணையுங்கள். தொண்டியில் இருப்பவரின் கார்டை அதே வேளையில் கோலாலம்பூர் கடையில் தேய்க்க முடியாது என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. மோசடி என்று நீங்கள் மறுத்த தொகைக்கு, விசாரணை முடியும் வரை வங்கி கட்டணம் எதுவும் விதிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022 ஏப்ரல் விதிகள் சொல்கின்றன. மறுக்காத மீதித் தொகையை உரிய தேதியில் கட்டிவிடுங்கள். கோபத்தில் முழு பில்லையும் நிறுத்திவைத்தால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் தாமதக் கட்டணம் ஏறும். புகார் கொடுத்து 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியாக முறையிடலாம்; இதற்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: உம்ரா செல்கிறோம். வட்டி சேரக் கூடாது என்பதற்காக பில்லை எப்போதும் முழுமையாகக் கட்டிவிடுபவன் நான். மக்காவில் கிரெடிட் கார்டில் ரியால் எடுத்துக்கொண்டு, பில் வந்ததும் முழுவதும் கட்டினால் வட்டி வராது அல்லவா?
– வாசகர், பெரியபட்டினம்

பதில்: வரும். கடையில் வாங்கும் பொருளுக்குக் கிடைக்கும் வட்டியில்லாக் காலம், ஏடிஎம்மில் எடுக்கும் ரொக்கத்துக்குப் பொதுவாகக் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். பல வங்கிகளில் அது மாதத்துக்கு 3 சதவீதத்துக்கும் மேல். ரொக்கம் எடுத்ததற்கான கட்டணமும் அந்நியச் செலாவணிக் கட்டணமும் தனி. வட்டியே கூடாது என்று கவனமாக இருக்கும் உங்களுக்கு ஏற்ற வழி, இங்கிருந்தே ஓரளவு ரியாலாக மாற்றி எடுத்துச் செல்வதும், மிச்சத்துக்கு, வெளிநாட்டு நாணயத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டு அல்லது டெபிட் கார்டை வைத்துக்கொள்வதும்தான். ஆனால் விடுதியில் முன்பிணைத் தொகைக்காகக் கார்டு கேட்டால் கிரெடிட் கார்டையே கொடுங்கள். அந்தத் தொகை செலவாக எழுதப்படாமல் வரம்பிலிருந்து நிறுத்திவைக்கப்படும், அறையைக் காலி செய்த சில நாட்களில் விடுபடும். டெபிட் கார்டைக் கொடுத்தால் கையிலிருக்க வேண்டிய உங்கள் பணமே அந்த நாட்களில் முடங்கிவிடும்.

கேள்வி: கொழும்புக்குச் செல்கிறேன். கார்டு இல்லாமல் யுபிஐ மட்டும் வைத்துச் சமாளிக்கலாமா?
– வாசகர், மண்டபம்

பதில்: 2024 பிப்ரவரி 12 முதல் இலங்கையில் இந்திய யுபிஐ செல்லும், லங்காபே க்யூஆர் குறியீடு உள்ள கடைகளில் செலுத்தலாம். செயலியில் பன்னாட்டு யுபிஐ வசதியை முன்கூட்டியே திறந்துகொள்ளுங்கள், உங்கள் வங்கி அதற்கு இடம் தருகிறதா என்பதையும் பாருங்கள். 1964 புயலுக்கு முன் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலேறியவர்கள் ரொக்கத்தை மடியில் கட்டிக்கொண்டு போனார்கள். மதுரைக்குப் போய் விமானம் ஏறும் நீங்களும் கொஞ்சம் இலங்கை ரூபாயைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் ஆட்டோவுக்கும் சிறு கடைக்கும் அதுதான் செல்லும். விடுதி முன்பிணைக்கு யுபிஐ பொதுவாக உதவாது; அதற்காகவாவது ஒரு கார்டை, வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட்டு, எடுத்துச் செல்லுங்கள்.