டீச்சரைக் கேளுங்கள்: ஒன்பது கோல் முன்னிலை

போன இதழில் ஐரோப்பிய கிளப் அணிகள் ஆடும் ஹேண்ட்பால் சாம்பியன்ஸ் லீக் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். கபடிக்கு வருவதைவிட அதிகக் கடிதங்கள் வந்துவிட்டன. முப்பத்தொரு வருஷம் பி.டி. டீச்சராக விசில் ஊதியவளுக்கு இதைவிட என்ன சந்தோஷம்! இந்த முறை பக்கம் முழுக்க ஹேண்ட்பாலுக்கே.

கேள்வி: ஹேண்ட்பால் என்றால் நம் கைப்பந்துதானே? அதற்கு ஏன் ஆங்கிலப் பெயர்? (ஒரு வாசகர், திருச்சி)

இல்லை ஐயா. நம் ஊரில் கைப்பந்து என்றால் வாலிபால் என்று நிலைத்துவிட்டது. அந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் ஹேண்ட்பால் என்றே எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்கிறார்கள். 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள தளம். ஒரு பக்கம் ஏழு பேர். கையால் எறிந்து கோல் போட வேண்டும். கோலுக்கு முன்னால் 6 மீட்டரில் வளைகோடு. அதற்குள் கோல்கீப்பர் மட்டும்தான் நிற்கலாம். அதனால்தான் ஆடுகிறவர்கள் கோட்டுக்கு வெளியே காலை ஊன்றி எம்பி, காற்றில் மிதந்தபடி உள்ளே பாய்ந்து எறிகிறார்கள். முதல் தடவை பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பது அதற்குத்தான்.

கேள்வி: சாம்பியன்ஸ் லீக்கில் செப்டம்பரில் தொடங்கி மாதக்கணக்கில் ஆடிவிட்டு, கடைசியில் ஒரே சனி ஞாயிறில் கோப்பையை முடிவு செய்கிறார்களே, இது நியாயமா? (கல்லூரி மாணவர், ஈரோடு)

தம்பி, நல்ல கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பதினாறு அணிகள், எட்டெட்டாக இரண்டு பிரிவு. பிரிவில் மட்டும் ஒவ்வோர் அணிக்கும் 14 ஆட்டம். பிறகு நாக் அவுட், கால் இறுதி. மிஞ்சுகிற நான்கு அணிகளும் ஜெர்மனியில் கொலோன் நகரத்து லங்க்செஸ் அரங்குக்கு வரும். சனிக்கிழமை இரண்டு அரை இறுதி, ஞாயிற்றுக்கிழமை இறுதி. 2010-லிருந்து கடைசிக் கட்டம் இப்படி. அதற்கு முன்னால் இறுதி ஆட்டத்தை அவரவர் ஊரில் ஒன்று, எதிராளி ஊரில் ஒன்று என்று இரண்டாக ஆடி, கோல்களைக் கூட்டிப் பார்த்தார்கள்.

2016 மே மாதம் நான் அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தேன். மகள் அப்போது அந்தப் பக்கம் வேலையில் இருந்தாள். அம்மாவுக்கு எது பிடிக்கும் என்று தெரிந்து டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள். சுமார் இருபதாயிரம் பேர். இறுதி ஆட்டம் ஹங்கேரியின் வெஸ்ப்ரேமுக்கும் போலந்தின் கியெல்ட்சேவுக்கும். வெஸ்ப்ரேம் பலட்டான் ஏரிப் பக்கத்து ஊர், சுமார் 60 ஆயிரம் ஜனம். நம் கணக்கில் ஒரு நகராட்சி. அந்த ஊரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் என் இடப்பக்கத்து இருக்கையில். கழுத்தில் சிவப்புத் துண்டு. எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என் பாஷை தெரியாது. அவர்கள் ‘ஹொய்ரா, ஹொய்ரா’ என்று குரல் கொடுப்பார்கள். நம் ‘விடாதே, விடாதே’ மாதிரி. பத்து நிமிஷத்தில் நானும் கூடவே கத்த ஆரம்பித்துவிட்டேன்.

ஆட்டம் மொத்தம் 60 நிமிஷம். முடிய இன்னும் கால் மணி நேரம்கூட இல்லாத நேரத்தில் வெஸ்ப்ரேம் 28, கியெல்ட்சே 19. ஒன்பது கோல் முன்னிலை. பெரியவர் ஃபோனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். குரலிலேயே எனக்கு விஷயம் புரிந்தது. சாம்பியன்ஸ் லீக்கை அந்த ஊர் அதுவரை வென்றதில்லை. அதற்கு முந்தின வருஷமும் இதே அரங்கில் இறுதியில் பார்சிலோனாவிடம் தோற்றிருந்தது.

அதற்கப்புறம் வெஸ்ப்ரேம் அடித்தது ஒரே ஒரு கோல். அறுபதாவது நிமிஷத்தில் 29-29. கூடுதல் நேரம் முடிந்தபோது 35-35. பிறகு ஏழு மீட்டர் த்ரோ, கால்பந்தில் பெனால்டி மாதிரி. கடைசியில் கியெல்ட்சே 39, வெஸ்ப்ரேம் 38.

எப்படி நடந்தது என்று கேட்பாய். ஹேண்ட்பாலில் பந்து அரை நிமிஷத்துக்கொரு தரம் கை மாறும். ஒரு பக்கம் கோல்கீப்பர் இரண்டு பந்தைத் தடுத்து, ஒரு பாஸ் நழுவி, யாராவது ஒருவர் இரண்டு நிமிஷ சஸ்பென்ஷனில் வெளியே போய்விட்டால், மூன்று நான்கு கோல் போவதே தெரியாது. ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கிற அணி அடிப்பதற்குப் பதிலாக நேரத்தைக் கடத்தப் பார்க்கும். நடுவர் கையைத் தூக்குவார். சும்மா பந்தை உருட்டாதே, எறி என்று அர்த்தம். கை உயர்ந்த பிறகு அவசர அவசரமாக எறிவதுதான் பெரும்பாலும் வீணாகும். கியெல்ட்சேயின் பயிற்சியாளர் தலந்த் துய்ஷெபாயெவ், கிர்கிஸ்தானில் பிறந்தவர், 1992 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய ஆட்டக்காரர். ஒன்பது கோல் பின்தங்கி நின்றபோதும் அவர் பெஞ்சில் உட்காரவில்லை. கோட்டை ஒட்டி நடந்துகொண்டே இருந்தார். நான் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் அழவில்லை. துண்டைக் கழற்றி முழங்கால் மேல் வைத்து நாலாக மடித்தார். மறுபடி பிரித்து, எட்டாக மடித்தார். நான் அவர் கையைத் தொட்டேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அந்த ஆட்டத்தைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், நாலு அணியும் ஒரே இடத்தில் கூடி முடிவு கட்டுவது எனக்குச் சரி என்றே படுகிறது. சொந்த ஊர்க் கூட்டத்தின் தயவு பெரும்பாலும் கிடையாது. 2014-ல் ஜெர்மனியின் ஃப்ளென்ஸ்பர்க் அணி சனிக்கிழமை பார்சிலோனாவை ஏழு மீட்டர் த்ரோவில் தாண்டி, மறுநாள் பலம் வாய்ந்த கீல் அணியை 30-28 என்று வென்றது இங்கேதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. இருபத்துநாலு மணி நேர இடைவெளி உடம்புக்குப் போதாது. 2023-ல் ஜெர்மனியின் மாக்டெபுர்க் அணியின் ஐஸ்லாந்துக்காரர் கிஸ்லி கிறிஸ்டியான்சனுக்கு சனிக்கிழமை அரை இறுதியில் தோள்மூட்டு விலகியது. ஞாயிற்றுக்கிழமை இறுதியில் அதே தோளோடு இறங்கினார். கூடுதல் நேரத்தில் கியெல்ட்சேயை 30-29 என்று வென்றார்கள். அந்த வார இறுதியின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. என் மாணவியாக இருந்திருந்தால் மைதானத்துப் பக்கமே விட்டிருக்க மாட்டேன். அரை இறுதியை வெள்ளிக்கிழமை வைத்து, நடுவில் ஒரு நாள் ஓய்வு கொடுக்கலாம். ஆட்டத்தின் சுவை எள்ளளவும் குறையாது.

கேள்வி: கோல்கீப்பர் திடீரென்று பெஞ்சுக்கு ஓடுகிறாரே, ஏன்? (ஒரு வாசகர், தூத்துக்குடி)

அவருக்குப் பதில் இன்னொரு ஆட்டக்காரர் உள்ளே வந்து, ஆறு பேருக்கு எதிராக ஏழு பேர் தாக்குவதற்காக. முன்பெல்லாம் அப்படி வருகிறவர் கோல்கீப்பர் நிறத்தில் சட்டை போட வேண்டும். 2016-ல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து எங்கே பார்த்தாலும் காலி கோல். நான் பள்ளியிலும் கல்லூரியிலும் கோல்கீப்பராக நின்றவள், அதனால் இதைச் சகிக்கவே முடியவில்லை. பந்து பறிபோனதும் எதிராளி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எறிகிறார், ஆளில்லாத வலைக்குள் அது உருண்டு போகிறது. கோல்கீப்பரோ பாதி வழியில் மூச்சிரைக்க ஓடி வருகிறார். கையுறைகூட இல்லாமல் வெறுங்கையோடு, மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டி வரும் பந்துக்கு உடம்பைக் கொடுக்கிறவர் அவர். அவரை ஓட விடுவது ஆட்டத்தின் உயிரையே வெளியே அனுப்புவது மாதிரி. விதியை மாற்ற வேண்டும் என்பதே என் கட்சி.

கேள்வி: டீச்சர், என் கை சின்னது. பந்து பிடிபட மாட்டேன் என்கிறது. வெளிநாட்டு வீராங்கனைகள் ஒரு கையால் தூக்குகிறார்களே, எப்படி? (ஒன்பதாம் வகுப்பு மாணவி, நாமக்கல்)

கண்ணு, முதலில் பந்தின் அளவைப் பார். ஆண்கள் பந்தின் சுற்றளவு 58 முதல் 60 செ.மீ., பெண்கள் பந்து 54 முதல் 56. ஆண்கள் பந்தை வைத்துப் பழகிக்கொண்டிருந்தால் தப்பு உன் கையில் இல்லை. இன்னொன்று, அவர்கள் விரலில் பிசின் தடவிக்கொள்கிறார்கள். பைன் மரப் பிசின் மாதிரி ஒட்டும். ஷூவின் ஓரத்தில் கொஞ்சம் அப்பி வைத்து, ஆட்டத்துக்கு நடுவே குனிந்து விரலில் தொட்டுக்கொள்வார்கள். பலாச்சுளை உரித்த கை எப்படி இருக்கும்? அதேதான். வெறும் தண்ணீரில் போகாது, எண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டும். நம் மண் தரையில் அது ஆகாது, பந்தெல்லாம் மண் அப்பிக்கொள்ளும். நீ தினமும் ஈரத்துணியை ஒரு பக்கெட் முறுக்கிப் பிழி. பந்தை மேலிருந்து விரல் நுனியால் பிடித்து, விட்டு, தரையைத் தொடுவதற்குள் மறுபடி பிடி. வலது இருபது, இடது இருபது. மூன்று மாதம் கழித்து எனக்கு எழுது.

கேள்வி: பெண்களுக்கு இப்படி ஒரு போட்டி உண்டா? (ஒரு வாசகி, நாகர்கோவில்)

உண்டு, அதன் கடைசிக் கட்டம் ஹங்கேரியின் புடாபெஸ்டில். அதிலும் நான்கு அணிகள், இரண்டு நாள். ஹங்கேரியின் ஜியோர் அணி 2024, 2025 இரண்டு வருஷமும் வென்றது. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் கத்ரீனே லுண்டே. நார்வேயின் கோல்கீப்பர். 1980-ல் பிறந்தவர். மூன்று கிளப்புகளுக்காக ஏழு முறை இந்தக் கோப்பையை வென்றார். ஏழாவது முறை அவருக்கு வயது 43. அடுத்த வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம், 44 வயதில். 2021 முதல் 2023 வரை தொடர்ந்து மூன்று முறை வென்ற அவருடைய நார்வே கிளப் வைப்பர்ஸ் 2025 ஜனவரியில் பணமில்லாமல் திவாலானது. ஐரோப்பாவையே ஆண்ட அணி ஒன்றரை வருஷத்தில் இல்லாமலே போய்விட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

கேள்வி: வெஸ்ப்ரேம் அப்புறமாவது ஜெயித்ததா? இறுதி ஆட்டத்தை நாங்கள் எப்போது பார்க்கலாம்? (ஒரு வாசகர், கோவில்பட்டி)

சாம்பியன்ஸ் லீக் இன்னும் கைக்கு வரவில்லை. 2019-ல் மறுபடி இறுதிக்குப் போய் வடக்கு மாசிடோனியாவின் வர்தார் ஸ்கோப்யே அணியிடம் தோற்றார்கள். ஆனால் 2024-ல் எகிப்தில் நடந்த கிளப்புகளின் உலகப் போட்டியில், இறுதியில் மாக்டெபுர்க்கை வென்று பட்டம் வாங்கினார்கள். அன்று எனக்கு அந்தச் சிவப்புத் துண்டுக்காரர் நினைவுதான்.

கொலோன் இறுதி ஆட்டம் சமீப வருஷங்களில் ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, அங்கே மாலை 6 மணிக்கு. நமக்கு இரவு 9.30. சாப்பாட்டை முன்னாலேயே முடித்துவிட்டு உட்காருங்கள்.