டிஸ்ப்ளே நின்றுபோனால் முதலில் மெயினை அணையுங்கள்: பேக்கரி ஓவன் கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: ஓவன் டிஸ்ப்ளே அப்படியே நிற்கிறது, பட்டன் எதுவும் கேட்கவில்லை. தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் வந்த பிறகுதான் எல்லாருக்கும் ஓவன் ஞாபகம் வருகிறது. சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கரண்ட் டெக் ஓவன் (அடுக்கடுக்காக அறை இருப்பது). டிஸ்ப்ளே 180-லேயே நிற்கிறது, பட்டனை அழுத்தினால் பீப் சத்தம்கூட இல்லை. கன்ட்ரோல் போர்டு போய்விட்டதா? (ஈரோடு)

180-ஐ வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. டைமரில் இரண்டு எண்களுக்கு நடுவே இரண்டு புள்ளி இருக்கிறதே, அது மினுக்குகிறதா என்று பாருங்கள். மினுக்கினால் உள்ளே புரோகிராம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பட்டன் ஷீட் அல்லது அதன் ரிப்பன் கேபிளில்தான் வம்பு. அதுவும் உறைந்து நின்றால்தான் நிஜமான ஹேங். அப்போது மெயின் ஐசொலேட்டரை, அதாவது ஓவனுக்கு வரும் கரண்ட்டை மொத்தமாகத் துண்டிக்கும் சுவிட்சை, அணைத்து 10 நிமிடம் விட்டுப் போடுங்கள். ஓவன் முகப்பில் உள்ள பச்சை பட்டனை அணைப்பது அணைப்பே இல்லை, பல மாடல்களில் அதற்குப் பிறகும் போர்டுக்குக் கரண்ட் போய்க்கொண்டுதான் இருக்கும். டக் டக்கென்று இரண்டு தடவை போட்டு அணைப்பதும் வேண்டாம், பவர் சப்ளை கெப்பாசிட்டரில் தேங்கியிருக்கும் கரண்ட் வடியாமல் புரோகிராம் முதலிலிருந்து ஆரம்பிக்காது. திரும்பவும் முதல் ஸ்கிரீனிலேயே நின்றால், மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை வைத்து பட்டன் ஷீட்டின் ரிப்பனை மட்டும் கழற்றிவிட்டு மெயினைப் போட்டுப் பாருங்கள். டிஸ்ப்ளே ஓடினால் ஏதோ ஒரு பட்டன் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஷீட்டை மாற்றினால் போதும், போர்டைத் தொட வேண்டாம்.

மூலையில் சின்னதாகப் பூட்டுப் படம் எரிந்தால் அது கீ லாக். மேனுவலைப் பாருங்கள், அதற்கும் எனக்கு எழுதாதீர்கள்.

சார் ஓவன் ஹேங். அர்ஜென்ட். என்ன செய்ய? (ஊர் எழுதவில்லை)

கரண்ட் ஓவனா கேஸ் ஓவனா, டெக்கா, டிரே ரேக் உள்ளே சுற்றும் ரோட்டரியா, டிஸ்ப்ளேயில் என்ன தெரிகிறது, எத்தனை நாளாக, எதுவும் இல்லை. ஊர்கூட இல்லை. நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்? டிஸ்ப்ளேயை ஒரு போட்டோ, பின்பக்கம் ஒட்டியிருக்கும் பிளேட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். அதுவரைக்கும்: மெயின் ஆஃப், 10 நிமிடம்.

டிஸ்ப்ளே 210-ல் நின்றுவிட்டது, ஆனால் சூடு ஏறிக்கொண்டே போய் இரண்டு டிரே பிரெட் கருகிவிட்டது. டிஸ்ப்ளே நின்றால் ஹீட்டரும் நிற்க வேண்டாமா? (நாகர்கோவில்)

நிற்காது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கன்ட்ரோலர் உறையும்போது ரிலே (ஹீட்டரைப் போட்டு அணைக்கும் போர்டுச் சுவிட்ச்) எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் இருந்துவிடும். ஹீட்டர் ஓடும் நேரத்தில் உறைந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். இல்லாவிட்டால் ஹீட்டருக்குக் கரண்ட் விடும் பெரிய சுவிட்சான கான்டாக்டரின் முனைகள் உருகி ஒட்டியிருக்கலாம், அப்போது டிஸ்ப்ளேயை அணைத்தாலும் ஹீட்டர் எரியும். எனக்குக் கவலை அது இல்லை. டிஸ்ப்ளேக்குச் சம்பந்தமே இல்லாமல் தனியாக ஒரு ஓவர்ஹீட் தெர்மோஸ்டாட் இருக்கும், பின்பக்கம் சிவப்பு ரீசெட் பட்டனோடு. அது ஏன் ட்ரிப் ஆகவில்லை? அடிக்கடி தட்டுகிறது என்று யாரோ ஒரு புண்ணியவான் இரண்டு வயரையும் முறுக்கிச் சேர்த்திருப்பான். அதைப் பார்த்துச் சரிசெய்யும்வரை ஓவனைப் போடாதீர்கள், ஆர்டர் போனாலும் பரவாயில்லை.

ஒரு வருஷத்தில் மூன்றாவது போர்டு. ஜெனரேட்டருக்கு மாறும்போது சில நாள், சும்மா ஓடும்போதே சில நாள் டிஸ்ப்ளே நின்றுவிடுகிறது. நல்ல கம்பெனி போர்டு எது? (பொள்ளாச்சி)

எந்த போர்டு போட்டாலும் நான்காவதும் போகும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் "போர்டு போச்சு" என்ற ஒரு வார்த்தையை வைத்தே ஊரில் பாதிப் பேர் பிழைக்கிறார்கள்.

சில வருஷம் முன்னால் ஒரு பேக்கரிக்குப் போனேன். மூன்று ஃபேஸ் டெக் ஓவன், ஏற்கெனவே இரண்டு போர்டு மாற்றியிருந்தார்கள், ஒன்று முப்பதாயிரம் சொச்சம். வந்த இரண்டு மெக்கானிக்கும் மீட்டரை வெளியே எடுக்கவே இல்லையாம். மாஸ்டர் ஒரு விஷயம் சொன்னார்: "அண்ணே, சூடு ஏறும்வரை நல்லாத்தான் இருக்கு, 200-ஐத் தொட்டதும் நின்னுடுது." அங்கேயே எனக்குப் பாதி புரிந்தது. மல்டிமீட்டரை ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வைத்துக் காத்திருந்தேன். எல்லா ஹீட்டரும் எரியும்போது 225, 230 வோல்ட். மேல் ஹீட்டர் கட் ஆன நிமிஷம் 270-க்குத் தாவியது. ஐசொலேட்டரைத் திறந்தால் நியூட்ரல் வயர் முனையின் லக் கருகி, வயர் இன்சுலேஷன் அரை அங்குலம் பழுப்பேறி நொறுங்குகிறது. ஸ்குரூ ஒன்றரைச் சுற்று இறங்கியது. அவ்வளவுதான் வியாதி.

ஏன் அப்படி? மூன்று ஃபேஸிலும் லோடு சமமாக இருக்கும்வரை நியூட்ரலில் கரண்ட் ஏறக்குறைய ஓடாது, லூஸாக இருந்தாலும் வெளியே தெரியாது. ஒரு ஹீட்டர் நின்றதும் சமநிலை கெட்டு, பிடிமானமில்லாத நியூட்ரல் ஒரு பக்கம் இழுபடும். அப்போது ஒரு ஃபேஸில் 180, இன்னொன்றில் 280. பாவம், கன்ட்ரோல் போர்டு அந்த ஒரு ஃபேஸையும் நியூட்ரலையும் நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறது. கடை மெயினிலேயே நியூட்ரல் முழுசாகக் கழன்றால் 400 வரை போகும், அன்றைக்கு போர்டோடு ஃபிரிட்ஜும் பில்லிங் கம்ப்யூட்டரும் சேர்ந்து போகும்.

ஆகவே புது போர்டு வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது: ஓவன் ஓடும்போது மூன்று ஃபேஸையும் நியூட்ரலோடு அளந்து பாருங்கள், ஹீட்டர் விழும்போதும் எழும்போதும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு, மூன்று வோல்ட்டுக்கு மேல் இருந்தால் விடாதீர்கள். எர்த் சரியில்லை என்று நியூட்ரலையும் எர்த்தையும் ஓவனுக்குள்ளேயே சேர்த்துக் கட்டும் எலக்ட்ரீஷியனைக் கடை வாசல்படி ஏற்றாதீர்கள், ஓவன் உடம்பில் கை வைப்பது உங்கள் பையன்தான்.

ஜெனரேட்டர் விஷயம் வேறு. மாறும் நேரத்தில் எல்லா ஹீட்டரும் ஒரே அடியாக ஏறினால் ஜெனரேட்டர் மூச்சுவாங்கும், வோல்ட்டேஜ் விழுந்து எழும், போர்டு குழம்பிவிடும். கரண்ட் போனதும் ஓவனை அணைத்து, ஜெனரேட்டர் நிதானமான பிறகு இரண்டு, மூன்று நிமிடம் கழித்துப் போடுங்கள். ஆள் மறந்துவிடுவான் என்றால் கரண்ட் வந்து சற்றுக் கழித்தே ஓவனைப் போடும் ஆன்-டிலே டைமர் ஒன்றை மாட்டச் சொல்லுங்கள், போர்டு விலையில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது. கான்டாக்டர் 'டக்' என்று அடிக்கும் அதே நொடியில் டிஸ்ப்ளே நிற்கிறதென்றால் அதன் காயிலுக்குக் குறுக்கே ஸ்னப்பர் (வோல்ட்டேஜ் துள்ளலை அமுக்கும் சின்ன பாகம்) போட்டுப் பாருங்கள், அதற்கு ஐம்பது, நூறு ரூபாய்.

ஹோட்டலில் காம்பி ஓவன் (ஆவியும் சூட்டுக்காற்றும் சேர்ந்தது). ராத்திரி கழுவிவிட்டுப் போனால் காலையில் டச் ஸ்கிரீன் தானாக எதையாவது அழுத்திக்கொண்டு, பிறகு நின்றுவிடுகிறது. (புதுச்சேரி)

"கழுவிவிட்டு" என்பதை இவ்வளவு சாதாரணமாக எழுதுகிறீர்களே. ஹோஸ் பைப்பைப் பேனலுக்கு நேராகப் பிடிக்கிறார்கள், வேறென்ன. மெயின் ஆஃப். பேனலைத் திறந்து டேபிள் ஃபேனை அரை நாள் காட்டுங்கள். ரிப்பன் முனையை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடையுங்கள். பின்னாலிருக்கும் கூலிங் ஃபேன் சுற்றுகிறதா, அதன் ஃபில்டரில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள், ஏனென்றால் பேனல் சூடேறினாலும் இதே மாதிரி நிற்கும். இனி முகப்புக்குப் பிழிந்த துணி மட்டும்.

கேஸ் ரோட்டரி ஓவன். பர்னர் பற்றும்போது டிக் டிக் என்று பொறி வரும்போதெல்லாம் டிஸ்ப்ளே அணைந்து எரிகிறது. (ஓசூர்)

பொறிக்குப் போகும் ஹெச்.டி. (உயர் அழுத்த) கேபிளில் வெடிப்பு, அல்லது எலக்ட்ரோடு பீங்கானில் கீறல். பொறி போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் பாடி வழியாகப் பாய்கிறது. எர்த்தையும் பாருங்கள். முதலில் கேஸ் வால்வு, பிறகு மெயின், 10 நிமிடம், அப்புறம்தான் பேனல். கேஸ் வாடை இருந்தால் மட்டும் என் மெயின் ஆஃப் பாட்டை மறந்துவிடுங்கள், அந்த அறையில் எந்தச் சுவிட்சையும் தொடக்கூடாது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கி நிற்கும். வால்வை மூடி, கதவைத் திறந்துவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள்.

டிஸ்ப்ளேயில் 'ஓபன்' என்று மட்டும் நிற்கிறது, ஓவன் சூடாகவே மாட்டேன் என்கிறது. (கும்பகோணம்)

ஹேங் இல்லை, சென்சார் அறுந்திருக்கிறது. பிடி-100 (சூட்டுக்கேற்ப ஓம் மாறும் சென்சார்) என்றால் கழற்றி அளந்தால் அறைச் சூட்டில் சுமார் 110 ஓம் காட்ட வேண்டும். தெர்மோகப்பிள் (சூட்டுக்கேற்ப துளி வோல்ட்டேஜ் தரும் இரட்டைக் கம்பி) என்றால் சில ஓம். புதிது மாட்டும்போது பிளஸ் மைனஸ் மாற்றிவிடாதீர்கள், சூடு ஏற ஏற எண் இறங்கும்.

புது ரெசிபியை பென் டிரைவில் ஏற்றும்போது 'லோடிங்' என்று நின்றுவிட்டது. பிடுங்கலாமா? (கோவை)

ரெசிபி என்றால் அரை மணி நேரம் பார்த்துவிட்டுப் பிடுங்குங்கள். சாஃப்ட்வேர் அப்டேட் என்றால் பிடுங்கவே கூடாது, கம்பெனிக்குப் போன் போடுங்கள்.

பேனலைத் திறந்தால் உள்ளே கரப்பான் பூச்சி. இதனால்கூட டிஸ்ப்ளே நிற்குமா? (சேலம்)

நிற்கும். இதமான சூடு, மாவுத்தூள், இருட்டு, அதற்கு வேறென்ன வேண்டும்? அதன் எச்சம் ஈரம் பட்டதும் இரண்டு தடத்துக்கு நடுவே கரண்ட் கசியவிடும். ஒரு போர்டில் மைக்ரோகன்ட்ரோலர் காலுக்கு நடுவே மிளகு தூவின மாதிரி இருந்தது, பிரஷ்ஷால் தட்டி ஆல்கஹாலில் துடைத்ததோடு சரியாகிவிட்டது. போர்டு மேல் பூச்சி ஸ்ப்ரே அடிக்காதீர்கள். கேபிள் நுழையும் ஓட்டைக்கு கிளாண்ட் (கேபிளை இறுக்கிப் பிடித்து ஓட்டையை மூடும் வளையம்) போடுங்கள், துணி அடைக்காதீர்கள்.

போர்டு நிஜமாகவே போய்விட்டது, மாற்றியாயிற்று. பழையதை எடைக்குப் போடலாமா? (திருச்சி)

கொஞ்சம் பொறுங்கள். பழைய போர்டில் குட்டிக் குட்டி டிப் சுவிட்ச் இருக்கும், எது மேலே எது கீழே என்று முதலில் போட்டோ எடுத்து வையுங்கள். புதியதில் அதே மாதிரி வைக்காவிட்டால் ஓவன் வேறு மாடல் என்று நினைத்துக்கொண்டு நிற்கும், நீங்கள் திரும்பவும் ஹேங் என்று எனக்கு எழுதுவீர்கள்.