துப்பாக்கி லைசென்ஸ்: உங்கள் கடிதங்கள்

கேள்வி: அமெரிக்காவில் துப்பாக்கி உரிமையாமே, நமக்கு ஏன் இல்லை? (தொண்டி)

அங்கே அரசியல் சட்டத்தில் 1791-ல் வந்த இரண்டாவது திருத்தம் தந்த உரிமை அது. அது தனி ஆளுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2008-ல்தான். இங்கே 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில் அப்படி ஒரு வரி இருந்தது, அரசியல் சட்டத்தில் ஏறவில்லை. நமக்கு 1959 ஆயுதச் சட்டம்தான். லைசென்ஸ் கிடைத்தால் வைத்துக்கொள்ளலாம், மறுத்தால் அப்பீல் போகலாம்.

கேள்வி: மிளகாய்க் காட்டில் பன்றித் தொல்லை. பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் இருக்கிறது, சுடலாமா? (கமுதி)

கூடாது. துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருந்தால் பன்றிக்கும் இருக்கிறது என்று அர்த்தமில்லை, வனத்துறை அனுமதி தனி. அவுட்டுக்காய் (பன்றிக்கு இரையில் வைக்கும் நாட்டு வெடி) நினைப்பே வேண்டாம், பக்கத்து வீட்டு மாடு கடித்தாலும் வெடிக்கும்.

கேள்வி: அப்பா இறந்து நான்கு வருடம். அவருடைய இரட்டைக் குழல் பரணில் இருக்கிறது. என் பெயருக்கு மாற்ற என்ன செலவாகும்? (கீழக்கரை)

செலவு கிடக்கட்டும். நான்கு வருடமாக லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வீட்டில் இருக்கிறது, பிடிபட்டால் 2 முதல் 5 வருடம் சிறை. மாதம் தவறாமல் இப்படி ஒரு கடிதம் வருகிறது, எல்லோரும் பட்டா மாற்றுவது போலவே கேட்கிறார்கள். லைசென்ஸ் ஆளுக்கு, வீட்டுக்கு இல்லை. ஆள் போனால் அதுவும் போச்சு. ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்டேஷனில் ஒப்படையுங்கள், ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். அப்புறம் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கூடப்பிறந்தவர்களின் சம்மதக் கடிதம் எல்லாம் வைத்து உங்கள் பெயரில் புது விண்ணப்பம், போலீஸ் விசாரணை. அப்பாவுக்கு 70 தாண்டியபோதே வாரிசுக்கு விண்ணப்பித்திருக்கலாம், 2016 விதிகளில் அதற்கு வழி இருக்கிறது, யார் படிக்கிறார்கள்! இன்னொன்று, உப்புக்காற்றில் இத்தனை வருடம் கிடந்த குழல் உள்ளே பொரிந்திருக்கும், தோட்டாவின் பித்தளை அடி பச்சை பூத்திருக்கும். காலி என்று நம்பி இறக்காதீர்கள், துப்பாக்கியைக் கையாளத் தெரிந்தவரை வைத்துத் திறந்து பாருங்கள்.

கேள்வி: அண்ணன் லைசென்ஸில் மூன்று துப்பாக்கி. ஒன்றைக் கொடுக்கவேண்டுமாமே? (பரமக்குடி)

ஆளுக்கு இரண்டுதான் என்று 2019-ல் சட்டம் வந்து, ஒரு வருடக் கெடுவும் 2020 டிசம்பரோடு முடிந்தது. இப்போது கேட்கிறீர்கள். வக்கீலைப் பாருங்கள், இன்றைக்கே.

கேள்வி: தேர்தல் சமயத்தில் ஒப்படைக்கத்தான் வேண்டுமா? (மண்டபம்)

நோட்டீஸ் வந்தால் ஆமாம். ரசீது!

கேள்வி: மாப்பிள்ளை அழைப்பில் வானத்தைப் பார்த்து ஒரே ஒரு தடவை சுடலாமா? (ஏர்வாடி)

2 வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மேலே போன குண்டு யார் தலையிலாவது இறங்கும். குண்டில்லாத வெற்றுத் தோட்டா என்று சமாளிக்கவும் வேண்டாம், பட்டாசு வாங்கிக் கொளுத்துங்கள்.