கச்சான் காற்றும் காய்ந்த தோலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆடிக் கச்சான் வீசத் தொடங்கியதும் எனக்கு வரும் கடிதங்களில் பாதி அரிப்பையும் கரப்பானையும் (எக்ஸிமா) பற்றியவை. இம்முறை வந்தவற்றில் சில.

என் அம்மா மண்டபம் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிறார். விரல் கணுக்களில் தோல் காய்ந்து வெடித்திருக்கிறது. ஏலாதித் தைலம் தேய்க்கலாமா, பிண்ட தைலமா?

எந்தத் தைலம் என்பதைவிட எப்போது என்பதுதான் முக்கியம். பாசி எடுக்கும் பெண்களின் கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பாறை கிழிக்காதிருக்க விரல்களில் துணிக்கீற்றைச் சுற்றிக்கொண்டு மணிக்கணக்கில் தண்ணீரில் நிற்கிறார்கள். கரையேறிச் சுற்றை அவிழ்த்தால் உள்ளே தோல் வெளுத்து, ஊறிச் சுருங்கியிருக்கும். காற்றுப் பட்ட சிறிது நேரத்தில் அதே தோல் இறுகி, கணுவில் பிளக்கும். வீடு வந்து சேரும் வரை கையில் படிந்த உப்பு வேறு அந்தப் பிளவை அரிக்கிறது.

ஒரு சொம்பு நல்ல தண்ணீரைக் கரைக்கே எடுத்துப்போகச் சொல்லுங்கள். குடம் குடமாகக் காசு கொடுத்து வாங்கும் ஊர் என்பதை அறிவேன். இரண்டு கைக்கு ஒரு சொம்பு போதும். கழுவி, துணியால் ஒற்றி, ஈரம் முழுவதும் போவதற்குள் தைலம் பூச வேண்டும். மூன்று நிமிடத்துக்கு மேல் தாமதிக்கக் கூடாது. எண்ணெய் தோலுக்கு ஈரம் தருவதில்லை, இருக்கிற ஈரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. எரிச்சல் அதிகம் என்றால் பிண்ட தைலம். அதில் தேன்மெழுகு இருப்பதால் கையில் நிற்கும். அரிப்பு மட்டும் என்றால் ஏலாதி போதும். துணிக்கீற்றுகளையும் தினமும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். வெடிப்பிலிருந்து நீர் கசிந்தால் எந்த எண்ணெயும் கூடாது.

உடம்பெல்லாம் அரிக்கிறது. நல்ல தைலம் ஒன்று சொல்லவும். (தொண்டி)

வயது இல்லை, எத்தனை நாளாக என்பது இல்லை, எந்த இடம், தோல் காய்ந்திருக்கிறதா கசிகிறதா என்பதும் இல்லை. இதற்கு எப்படித் தைலம் சொல்வது? வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்திருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம்; எண்ணெய் பூசினால் இன்னும் பரவும். வீட்டில் எல்லோருக்கும் இரவில் அரித்தால் சிரங்காக இருக்கலாம். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள், அல்லது நேரில் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள்.

எட்டு மாதக் குழந்தைக்குக் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான். மச்சான் துபாயிலிருந்து ஆலிவ் எண்ணெய் அனுப்பியிருக்கிறார். உம்மா வேப்பெண்ணெய் இரண்டு சொட்டு உள்ளுக்குக் கொடுக்கச் சொல்கிறார். (கீழக்கரை)

வேப்பெண்ணெயை உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது. கைக்குழந்தைகளுக்கு வாந்தி, வலிப்பு, மூளை பாதிப்பு, உயிரிழப்பு வரை போயிருக்கிறது. உம்மாவிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள், ஆனால் விட்டுக்கொடுக்காதீர்கள். கற்பூரம் கலந்த எண்ணெயும் இந்த வயதில் ஆகாது.

ஆலிவ் எண்ணெய் சமையலுக்கு இருக்கட்டும். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அது பெரியவர்களின் தோலைக் காக்கும் மேலடுக்கையே பலவீனப்படுத்தியது தெரிந்தது. வெர்ஜின் தேங்காய் எண்ணெய் நல்லது. 2014இல் பிலிப்பைன்ஸில் நூற்றுச் சொச்சம் கரப்பான் குழந்தைகளிடம் எட்டு வாரம் பூசிப் பார்த்ததில் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயிலைவிட நன்றாக வேலை செய்தது. முதலில் கரப்பான் இல்லாத இடமாக, முன்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் நாணய அகலம் பூசி, இரண்டு நாள் பாருங்கள். சிவக்காவிட்டால் தொடரலாம்.

ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடலாமா? எனக்குக் காலில் எக்ஸிமா.

புண்ணோ கசிவோ இல்லை என்றால் ஆடலாம். முன்பாகக் காலில் தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்ளுங்கள். முடிந்ததும் ஈர உடையிலேயே நிற்காதீர்கள்.

ஊருக்கு வந்த வேனில் "நூறு சதவீதம் மூலிகை" என்று ஒரு களிம்பு 300 ரூபாய்க்கு வாங்கினோம். இரண்டே நாளில் மகனுக்கு அரிப்பு நின்றது. நிறுத்தினால் இரண்டு மடங்காக வருகிறது. டப்பாவில் எதுவும் எழுதியில்லை. தொடரலாமா? (தங்கச்சிமடம்)

கூடாது. இதை எத்தனை முறை எழுதினாலும் அடுத்த மாதமும் இதே கடிதம் வருகிறது; எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம் இது.

எங்கள் ஆயுர்வேதத் தைலங்கள் எதுவும் கரப்பானை இரண்டு நாளில் அடக்காது. நால்பாமராதி ஆகட்டும், ஏலாதி ஆகட்டும், பலன் தெரிய இரண்டு மூன்று வாரமாவது ஆகும். இரண்டு நாளில் அடங்கி, விட்டதும் பொங்கி வருகிறது என்றால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஸ்டீராய்டு களிம்பு கெட்ட மருந்தல்ல. தோல் மருத்துவர் எந்த வீரியம், எத்தனை நாள், எந்த இடம் என்று கணக்குப் பார்த்துத் தருவார். அரசாங்கமே 2018இல் இப்படிப்பட்ட களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அதைப் பச்சைச் சாயம் போட்டு மூலிகை என்று குழந்தைக்கு விற்பது கொடுமை.

பத்து வயதுப் பையன் ஒருவனை என்னிடம் கூட்டிவந்தார்கள். முழங்கால் மடிப்பில் தோல் வெங்காயச் சருகுபோல மெலிந்து, கீழே நரம்புகள் சிவப்பாகத் தெரிந்தன. "மூலிகைதான் டாக்டர், பக்கவிளைவு இல்லை" என்றார் தந்தை. எட்டு மாதமாகத் தினமும் பூசியிருக்கிறார்கள். அந்தத் தோலில் விரலை வைக்கவே எனக்குக் கை கூசியது.

இப்போதே அந்த டப்பாவோடு தோல் மருத்துவரிடம் போங்கள். திடீரென நிறுத்தினால் கடுமையாகப் பொங்கும், அவர்தான் சமாளிக்க வேண்டும். இனி எந்த ஆயுர்வேத, சித்த மருந்தானாலும் உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, சேர்ந்த பொருள்கள், தயாரிப்பாளர் முகவரி ஆகிய ஐந்தும் லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். லேபிள் இல்லாத மருந்தைத் தொடாதீர்கள்.

வெட்பாலைத் தைலத்தை வீட்டில் செய்யலாமா?

செய்யலாம். இலையை ஈரமில்லாமல் துடைத்து, இரும்பு படாமல் கையால் கிள்ளி, தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வையுங்கள். நம் ஊர் வெயிலில் சில நாளில் கருநீலமாக மாறிவிடும். தண்ணீர் பட்டால் சிக்கு வாடை வரும், கொட்டிவிடுங்கள். இது செதில் உதிரும் காளாஞ்சகப்படைக்கே (சோரியாசிஸ்) அதிகம் பயன்படுவது. கசியும் கரப்பானுக்கு ஆகாது. நீர் வடிந்தால் எண்ணெய் கூடாது என்று மேலேயே சொன்னேன்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. தைலம் தேய்த்துக் குளித்தால் பிசுபிசுப்புப் போகவில்லை.

உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை. நுரை வரும் வரை நாம் தேய்க்கிறோம், தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசையும் அதோடு போகிறது. சோப்பை அக்குளோடும் அரையோடும் நிறுத்துங்கள். மற்ற இடங்களுக்குப் பச்சைப்பயறு மாவை மென்மையாகப் பூசிக் கழுவினால் போதும். கடைசியாக ஒரு சொம்பு நல்ல தண்ணீர், உடனே சில சொட்டுத் தைலம்.

நால்பாமராதி பூசினால் வேட்டியெல்லாம் மஞ்சள்.

அதில் மஞ்சள் சேர்கிறது, கறை படியத்தான் செய்யும். இரவில் பழைய கைலி கட்டிக்கொண்டு பூசுங்கள்.