சங்கர்லால் கதைகளை இன்றும் தேடிப் படிப்பது ஏன்?

தாத்தா காலத்துத் துப்பறியும் கதைகளான சங்கர்லால் நூல்களைச் செட்டிநாட்டில் இன்னும் சிலர் தேடி வாங்குவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர்ப்பற்று அதில் ஒரு பகுதிதான். அவற்றை எழுதிய தமிழ்வாணன் (1926–1977) செட்டிநாட்டுத் தேவகோட்டையில் பிறந்தவர். 'கல்கண்டு' இதழின் ஆசிரியராக இருந்து, பள்ளி மாணவர்கள் பலரை வாசிப்புக்குள் இழுத்தவர்.

அதைவிடப் பெரிய காரணம் அவர் கதை சொன்ன முறை என்பேன். சிறுவர்களுக்கென்றே எழுதப்பட்டவை அல்ல என்றாலும், புதிதாகப் படிக்கத் தொடங்கிய பிள்ளைகூடத் தடுமாறாமல் பின்தொடரக்கூடிய குறுகிய வாக்கியங்களும், தேநீர் அருந்தியபடி பதற்றமின்றிச் சிந்திக்கும் துப்பறிவாளர் சங்கர்லாலும், விமானப் பயணம் அரிதாக இருந்த காலத்திலேயே வாசகரை அயல்நாட்டு நகரங்களுக்கு அழைத்துச் சென்ற களங்களும் அவற்றில் ஒன்றுசேர்ந்தன. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வணிகத்துக்குச் சென்றவர்களின் கதைகளை வீட்டிலேயே கேட்டும், பர்மாத் தேக்குத் தூண்களுக்கிடையே விளையாடியும் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அக்கடல் கடந்த ஊர்கள் எட்டாத தொலைவில் இருப்பவையாகத் தோன்றியிருக்காது.

புதிர் அமைப்பில் இன்றைய வாசகர் சில இடங்களில் முடிவை முன்கூட்டியே ஊகித்துவிடலாம். ஆனால் இளமையில் படித்தவர்கள் முடிவுக்காக மட்டும் அவற்றைத் திரும்பப் படிப்பதில்லை. நூல்களைச் சேர்த்துப் பாதுகாக்கும் வழக்கமும் இம்மண்ணில் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டிய நூல்களே சென்னையில் அவர் பெயரால் இயங்கும் ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளமாயின. படிக்க விரும்புவோர் மணிமேகலைப் பிரசுரத்தின் மறுபதிப்புகளிலிருந்து தொடங்கலாம்.